மேல்மாடி பாத்ரூம் ஒழுகாமல் இருக்க: டைல் பதிக்க முதல் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களுடையது நாலரை பேர்ச் காணி (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி). அந்த அகலத்தில் வீடு கட்டினால் மேலே போவதைத் தவிர வழியில்லை. வீடு மேலே போனால் பாத்ரூமும் கூடவே போகும். எங்களுடையது சரியாகச் சாப்பாட்டு மேசைக்கு மேலே போய் உட்கார்ந்தது. குடிபுகுந்த மூன்றாம் மாதம் கீழே சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம். ஒரு கிழமை கழித்து அதைச் சுற்றி இன்னொரு வட்டம். மாதம் முடிய முதல் அம்மா மேசையை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டார்.

வோட்டர்ப்ரூஃபிங் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தோம். நல்ல சாமான், இரண்டு கோட். தண்ணீர் கட்டியும் பார்த்தோம், அதாவது தரையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. பிறகு எங்கே பிழை நடந்தது என்பது டைலை உடைத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் முறை முழு வேலையையும் பக்கத்தில் நின்று செய்வித்தேன், கொஞ்சம் நானும் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளான், சிலாப், சுவர் எல்லாம் முடிந்து பாத்ரூம் வெறும் கொங்கிரீட்டாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஐந்தடிக்கு எட்டடி.

1. பிளம்பரை முழுதாக முடிக்க விடுங்கள்

கொமோட்டுக்கான நாலங்குலப் பைப், தரை ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்), பேசின் வேஸ்ட், சுவருக்குள் ஓடும் தண்ணீர்ப் பைப் எல்லாம் கடைசி இடத்தில், கடைசி உயரத்தில் இருக்க வேண்டும். "ட்ராப்பை பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்று பிளம்பர் சொன்னால் விடாதீர்கள். சாய்வுப் பூச்சு, டைல் பசை, டைல் மூன்றின் தடிப்பையும் கூட்டி, முடிந்த தரை எந்த உயரத்தில் வரும் என்று சுவரில் கோடு போட்டுக் கொடுங்கள். டைலை அதற்கு முதலே வாங்கி வைத்துவிடுவது நல்லது. தடிப்புத் தெரியாமல் கோடு போட முடியாது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். தண்ணீர் கட்டிப் பார்த்து எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போன பிறகு டைல் பதிக்கும் பாஸ் (மேசன்) வந்தார். ட்ராப் அரை அங்குலம் உயரமாக நிற்கிறது என்றார். பிளம்பர் உளியோடு வந்து சுற்றிக் கொத்தி, ட்ராப்பைப் பதித்து, சீமெந்து போட்டு மூடிவிட்டுப் போனார். "பிரஷ்ணயக் நே மஹத்தயா" (பிரச்சினை இல்லை ஐயா) என்று சிங்களத்தில் வேறு சொன்னார். நானும் தலையாட்டினேன். பிறகு டைலை எடுத்தபோது ட்ராப்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வோட்டர்ப்ரூஃபிங் கோட்டே இல்லை. கொத்திய இடைவெளிக்குள் நாலாக மடித்துத் திணித்த சீமெந்துப் பைக் கடதாசி. கடதாசியில் எழுத்துக்கூட அழியவில்லை, ஆனால் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

2. பைப்பைச் சுற்றியுள்ள ஓட்டை

ஒழுகும் பாத்ரூம்களில் தண்ணீர் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் இறங்குகிறது, நடுத்தரை வழியாக அல்ல. பிவிசி வழுவழுப்பானது, சீமெந்து அதைப் பிடிக்காது. காய்ந்ததும் தலைமயிர் அளவு இடைவெளி விழும், தண்ணீருக்கு அது போதும்.

முதலில் ஓட்டைக்குள் இருக்கும் தூசி, மரத்துண்டு, கடதாசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பைப்பின் வெளிப்புறத்தைச் சாண்ட்பேப்பரால் சொரசொரப்பாக்கி, பைப் ஒட்டும் பசையைப் பூசி, ஈரம் காய முதல் காய்ந்த மணலைத் தூவிவிடுங்கள். மணல் ஒட்டிக் காய்ந்த பிறகு சீமெந்துக் கலவை பிடிக்க ஓர் இடம் கிடைக்கும். ஒரு பழைய மேசன் பாஸ் காட்டிய வேலை இது, செலவென்று பார்த்தால் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே பலகை அடித்து, ஓட்டையின் ஓரத்தை நனைத்து, சுருங்காத க்ரவுட்டை ஊற்றுங்கள். சாதாரண சீமெந்து மணல் கலவை வேண்டாம். இந்த க்ரவுட்டை ஹார்ட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். தெருமுனை ஹார்ட்வெயாரில் கேட்டால் டைல் இடுக்குக்குப் போடும் க்ரவுட்டை எடுத்து நீட்டுவார்கள், அது வேறு.

3. சாய்வும் மூலையும்

சாய்வுப் பூச்சை வோட்டர்ப்ரூஃபிங் கோட்டுக்குக் கீழே போடுங்கள், மேலே அல்ல. டைலுக்குக் கீழே தண்ணீர் எப்படியும் இறங்கும். இறங்கிய தண்ணீரும் ட்ராப்பை நோக்கி ஓட வேண்டும். 80க்கு 1 என்று வைத்தால் எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். சுவரும் தரையும் சேரும் மூலையில் 1:3 சீமெந்து மணல் கலவையால் ஓர் அங்குல உருட்டு வைத்து, கூர்மையான மூலை இல்லாமல் செய்யுங்கள். கூர்மூலையில்தான் கோட் முதலில் வெடிக்கும்.

4. கோட் அடித்தல்

தூளும் பால் போன்ற திரவமும் தனித்தனியாக வந்து கலக்கும் சீமெந்து வகைதான் என் தெரிவு. கறுப்புத் தார் வகை மொட்டை மாடிக்குச் சரி, பாத்ரூமுக்கு வேண்டாம். டைல் பசை அதில் ஒழுங்காகப் பிடிக்காது. கலக்கத் தடி வேண்டாம், ட்ரில்லில் கலக்கும் கம்பியை மாட்டிக் கலக்குங்கள். கலவை இறுகினால் தண்ணீர் விட்டு இளக்கவும் விடாதீர்கள்.

தரையை நனைத்து, நின்ற தண்ணீரைத் துடைத்துவிட்டு, மூலைகளிலும் பைப்பைச் சுற்றியும் வலைத் துணியைக் கோட்டுக்குள் பதியுங்கள். முதல் கோட் நீளவாக்கில், இரண்டாவது குறுக்கே. சுவரில் ஓரடி ஏற வேண்டும். ஷவர் பக்கம் ஆறடி. வாசல்படியை மறந்துவிடுவார்கள், அதன் மேலும் கோட் போக வேண்டும்.

சாமான் எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். தரை 40 சதுர அடி, சுற்றிவர 26 அடிக்கு ஓரடி உயரம் 26, ஷவர் மூலையில் மூன்றடி அகலச் சுவர் இரண்டுக்கு மிச்ச ஐந்தடி உயரம் 30. மொத்தம் 96 சதுர அடி, அதாவது 9 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பையில் போட்டிருக்கும். வேலை முடிய வெற்றுப் பைகளை எண்ணுங்கள். பாதிச் சாமான் மிஞ்சியிருந்தால் கோட் இரண்டல்ல.

5. தண்ணீர் கட்டுதல்

பையில் சொன்ன நாட்கள் காய விடுங்கள். மே, ஜூன் மழைக்குள் செய்தால் இன்னும் இரண்டு நாள் கூட விடுவது என் வழக்கம். கீழ்வீட்டுச் சீலிங் பூச முதல் இதைச் செய்தால் ஈரம் வெறும் கொங்கிரீட்டில் உடனே தெரியும்.

ட்ராப்பைத் துணியால் அடைக்காதீர்கள். துணி மெதுவாகக் கசியும், நீங்கள் தரையைச் சந்தேகப்படுவீர்கள். திருகினால் விரியும் ரப்பர் அடைப்பான் கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். வாசலில் ஒரு வரிசைக் கல் வைத்து, மிஞ்சிய கோட் கலவையால் பூசி அணை கட்டுங்கள். உயரமான மூலையிலும் ஓர் அங்குலம் நிற்கும்வரை தண்ணீர் விடுங்கள். எங்கள் அளவுக்கு ஏறத்தாழ 150 லீட்டர். சிலாப் தாங்குமா என்று அப்பா பயந்தார். இரண்டு மூன்று பேர் உள்ளே நிற்கும் பாரம்தான் அது.

சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு 48 மணித்தியாலம் விடுங்கள். 24 போதும் என்பார்கள். பைப்பைச் சுற்றிய மெல்லிய கசிவு கீழே வரச் சிலவேளை ஒரு நாளுக்கு மேல் எடுக்கும்.

இனி நான் தடுமாறிய இடம். இரண்டாம் முறை கட்டியபோது இரண்டு நாளில் நீர்மட்டம் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கீழே ஈரம் இல்லை. பாஸ் ஆவியாகிவிட்டது என்றார். ஒருமுறை தலையாட்டி அனுபவப்பட்டவன், இந்த முறை நம்பவில்லை. அம்மாவின் அரிசி களையும் பெரிய பேசினை எடுத்து, தண்ணீர் நிரப்பி, அதே தரையில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே வைத்தேன். பேசினுக்குள்ளும் மட்டத்தைக் குறித்தேன். மறுபடி 48 மணித்தியாலம். தரையில் நாலு, பேசினிலும் நாலு. ஓட்டையில்லாத பேசினில் குறைந்த அளவுதான் தரையிலும் குறைந்திருக்கிறது என்றால் அது காற்றோடு போன தண்ணீர். தரையில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் உடைத்திருப்பேன். முதல் நாளே பேசினை வைத்திருந்தால் இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும். இப்போது யார் கேட்டாலும் முதலில் பேசினைத்தான் சொல்கிறேன்.

கீழே பார்க்கும்போது சீலிங் மட்டுமல்ல, பாத்ரூம் சுவரின் மறுபக்க அடியையும் பாருங்கள். எங்களைப் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் பக்கத்து வீட்டு அன்ரியிடம் சொல்லி அவர்களுடைய சுவரையும் பார்ப்பது நல்லது. அவர் தேநீர் தந்து ஒரு மணித்தியாலம் பிடித்து வைத்துக்கொள்வார், பரவாயில்லை.

6. அதன் பிறகு உளி கூடாது

தண்ணீரை இறக்கிய அன்றே கார்ட்போர்ட் விரித்து, அடுத்த நாளே டைல் வேலையைத் தொடங்குங்கள். இடையில் யாராவது கொத்தினால் பார்த்த சோதனை செல்லாது. அந்த இடத்தைத் திருப்பிக் கோட் அடித்து, திருப்பித் தண்ணீர் கட்ட வேண்டும். டைலைப் பசையில்தான் பதிப்பித்தேன். சீமெந்துக் குழம்பில் பதித்தால் டைலுக்குக் கீழே வெற்றிடம் விழுந்து தண்ணீர் தேங்கும். சுவரும் தரையும் சேரும் இடுக்கில் க்ரவுட் போடாமல் சிலிக்கன் போடுங்கள்.

பின்சேர்க்கை

தெஹிவளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: எல்லாம் இப்படியே செய்தும் கொமோட்டுக்குப் பக்கத்தில் கசிகிறதாம். படம் அனுப்பச் சொன்னேன். கொமோட்டைத் தரையில் பூட்ட இரண்டு ஆணி, ட்ரில் மூன்றங்குலம் இறங்கி கோட்டைத் துளைத்திருக்கிறது. எனக்கே இது தோன்றவில்லை, என் வீட்டில் அதிர்ஷ்டம்தான். ட்ரில் பிட்டில் டைலும் பசையும் சேர்ந்த தடிப்புக்கு டேப் சுற்றி, அதற்கு மேல் இறக்காதீர்கள். அந்த ஆழம் ஆணிக்குப் போதாவிட்டால் ஓட்டை நிறையச் சிலிக்கன் விட்டுப் பிறகு பூட்டுங்கள்.

டைலை உடைக்காமல் மேலே ஏதாவது பூசி நிறுத்த முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், இடுக்குகளைக் கீறி எடுத்துப் புது க்ரவுட் போட்டு. நாலு மாதம் சீலிங் காய்ந்திருந்தது. நத்தாருக்கு முதல் நாள் வட்டம் திரும்பி வந்தது.