பழைய எஸ்.யூ. கார்புரேட்டரைப் பூட்டும் முன்

மாரிஸ் மைனர் 1000 காருக்குப் பழைய எஸ்.யூ. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) கிடைத்ததா? துடைத்து அப்படியே பூட்டிவிடாதீர்கள். முதலில் த்ராட்டில் ஸ்பிண்டிலை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளி வழியே காற்று புகும். அப்புறம் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிலைக்காது. ஸ்பிண்டிலையும் அது சுழலும் புஷ்ஷையும் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, மேலே திருகியிருக்கும் டேம்பரை (பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் தண்டு) கழற்றிவிட்டு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’கென்று விழ வேண்டும். சிக்கினால் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) நடுவில் இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறொரு கார்புரேட்டரின் சேம்பரை (பிஸ்டன் ஏறி இறங்கும் மேல்கூடு) மாட்டியிருப்பார்கள். பிஸ்டனும் சேம்பரும் ஜோடி பிரியக் கூடாது. நானே ஒருமுறை கழுவும்போது மாற்றிப் போட்டு இரண்டு நாள் அவதிப்பட்டேன்.

ஃபிளாஞ்சை, அதாவது இன்ஜின் பக்கம் பொருந்தும் முகத்தை, தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் காப்பாற்றாது. டேம்பருக்கு 20 கிரேடு இன்ஜின் ஆயில் போதும்.