லிஸ்பனிலிருந்து ஒரு பகல்: சீஸும் ஒயினும் உருவாகும் ஊர்களுக்குச் சிறு குழுவாகச் செல்வது எப்படி

லிஸ்பனுக்குச் செல்பவர்களில் பலர் முட்டைக்கரு நிரப்பிய சிறு பணியாரத்தையும் ஒரு கோப்பை போர்ட் ஒயினையும் சுவைத்துவிட்டு, போர்த்துகீசிய உணவை அறிந்துகொண்ட நிறைவோடு ஊர் திரும்புகிறார்கள். ஆனால் நகரத்துக்குத் தெற்கே, தேஜு ஆற்றைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய செதூபல், பல்மேலா, அஸெய்த்தாவ் ஆகிய ஊர்களில், கடலிலிருந்து வரும் மீனும், ஆட்டுப்பாலிலிருந்து வரும் சீஸும், மலையடிவாரத்துத் திராட்சையிலிருந்து வரும் இனிப்பு ஒயினும் ஒரே பகலில் நம் கண்முன் உருவாவதைக் காணலாம். அந்தப் பகலை எப்படித் திட்டமிடுவது என்பதையே இங்கு எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: எதையும் சுவைப்பதற்கு முன் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பாருங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால், ஒரு நாளில் மூன்று இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குழுவில் ஆறு பேர் இருப்பது நலம். எட்டுப் பேர் உச்சவரம்பு. சீஸ் செய்யும் அறைகள் சிறியவை. பத்துப் பேர் நுழைந்தால், பின்னால் நிற்பவருக்குச் செய்பவரின் கைகள் தெரியாது. கைகள் தெரியாவிட்டால் அங்கு பார்க்க வேறொன்றும் இல்லை. ஓட்டுநருடன் சேர்த்து ஒன்பது பேர் அமரும் வேன் கிடைப்பதாலும் எட்டு என்ற எண் பொருந்துகிறது. ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவதையே பரிந்துரைப்பேன். போர்த்துகலில் ஒரு லிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 0.5 கிராமை எட்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். உரிமம் பெற்று மூன்றாண்டுகள் ஆகாதவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் அந்த வரம்பு 0.2 கிராம்தான். மொஸ்கடெல் என்னும் இவ்வட்டாரத்து இனிப்பு ஒயினில் மது 17 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் என்பதால், நாமே ஓட்டிச் செல்வதென்றால் குடிக்காதவர் ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும். வண்டி வேண்டாம் என்போர், லிஸ்பனிலிருந்து ஃபெர்ட்டாகுஸ் ரயிலில் செதூபல் சென்று, அங்கிருந்து டாக்சியில் அஸெய்த்தாவுக்குப் போகலாம். 1966இல் திறக்கப்பட்ட ஏப்ரல் 25 பாலத்தின் கீழ்த்தளத்தில் அந்த ரயில் ஆற்றைக் கடக்கும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் தெரியும் காட்சிக்காகவே அதில் ஒருமுறை செல்லலாம்.

எந்த மாதத்தில் செல்வது என்பதில் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. திராட்சை அறுவடை ஆகஸ்டு இறுதியில் தொடங்கி செப்டம்பர் முழுவதும் நடக்கும். பல்மேலாவின் அறுவடைத் திருவிழாவும் செப்டம்பர் தொடக்கத்தில்தான். செம்மறியாட்டின் பால் பெருகுவதோ குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும். ஆகவே இரண்டும் முழு வேகத்தில் நடக்கும் மாதம் என்று ஒன்று இல்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் வசந்தத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஒயின் நிலவறையில் எந்த மாதத்திலும் பார்க்க ஏதாவது இருக்கும். பால் இல்லாத நாளில் சீஸ் அறையில் பாத்திரங்களை மட்டுமே பார்க்க முடியும். பல்மேலாவை அடுத்த கிந்தா து அன்ஜு என்ற சிற்றூரில் வசந்தத்தில் நடைபெறும் சீஸ், ரொட்டி, ஒயின் திருவிழாவும் அந்தப் பருவத்துக்கு இன்னொரு காரணம். அதன் பெயர்ப்பலகையில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லைப் படித்துப் பாருங்கள். இலங்கைத் தமிழர் நாள்தோறும் கடையில் கேட்டு வாங்கும் அதே ‘பாண்’தான் அது.

கிழமையைப் பொறுத்தவரை திங்களைத் தவிர்த்துவிடுங்கள். செதூபலின் லிவ்ரமேந்து சந்தை அன்று மூடியிருக்கும். இந்தத் தகவலை முன்கூட்டியே பார்க்காமல் சென்று, பூட்டிய கதவின் முன் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். அன்று பகலின் முதல் பாதி முழுவதும் வீணாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு பண்ணைகள் பார்வையாளர்களை ஏற்பது அரிது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரங்களுக்கு முன்பே சீஸ் பண்ணைக்கும் ஒயின் நிலையத்துக்கும் எழுதி இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எழுதும்போது எத்தனை பேர், எந்த மொழியில் விளக்கம் வேண்டும், சைவ உணவினர் எத்தனை பேர் என்ற மூன்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது பின்னால் வரும் குழப்பங்களைக் குறைக்கும். சீஸ் பண்ணையிடம், “அன்று எத்தனை மணிக்குப் பாலை உறைய வைப்பீர்கள்?” என்று தனியாகக் கேளுங்கள். பயணத்தின் மற்ற நேரங்களை எல்லாம் அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

காலை எட்டரைக்கு லிஸ்பனை விட்டுக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் லிவ்ரமேந்து சந்தையை அடைந்துவிடலாம். நண்பகலைத் தாண்டினால் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதால், இதை முதலில் வைக்காமல் வேறு வழியில்லை. உள்ளே நுழைந்ததும் நீல வெள்ளை ஓடுகளால் ஆன பெரிய சுவரோவியம் கண்ணில் படும். அதில் மீனவரும் உழவரும் செய்யும் வேலைகளின் பயன்தான் கீழே மேசைகளில் பரப்பிக் கிடக்கிறது. மத்தி, கணவாய், சாடு ஆற்றுக் கழிமுகத்துச் சிப்பி, உப்பு ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். ஓட்டுக்கணவாயை மாவில் புரட்டிப் பொரிப்பதுதான் இந்த ஊரின் அடையாள உணவு என்பதால், அதைப் பொரிப்பதற்கு முந்தைய நிலையில் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது சீஸ். இதற்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். அஸெய்த்தாவ் சீஸில் மூன்றே பொருள்கள்தான்: காய்ச்சாத செம்மறியாட்டுப் பால், உப்பு, ‘கார்து’ என்னும் முட்செடியின் உலர்ந்த பூ. மரபான ஐரோப்பியச் சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கப்படுவதால் நம்மில் சைவர் பலர் அவற்றைத் தொடுவதில்லை. இங்கே அந்த வேலையை ஒரு பூ செய்கிறது. காய்கறியாக உண்ணப்படும் ஆர்ட்டிசோக்கின் இனத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் ஊதா நிறச் சூலக இழைகளைக் காயவைத்து, நீரில் ஊறவைத்துக் கசக்கினால், காப்பி டிகாக்‌ஷனைப் போன்ற கபில நிறச் சாறு இறங்குகிறது. உப்பையும் பூவின் சாற்றையும் துணியில் வைத்து அதன் வழியே இளஞ்சூடான பாலை வடிகட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பால் கெட்டித் தயிர்போல் இறுகிவிடும். பிறகு அதைக் கையால் உடைத்து, சிறு வட்ட அச்சுகளில் அள்ளி வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நீரை வெளியேற்றுவார்கள். அழுத்தம் கூடினால் சீஸ் வறண்டுவிடும், குறைந்தால் புளித்துவிடும் என்பதால் அந்தக் கை எங்கே நிறுத்துகிறது என்பதை உற்றுக் கவனியுங்கள். வடிந்த நீரும் வீணாவதில்லை. அதைக் காய்ச்சி, நம் பால்கோவாவைவிட மென்மையான, இனிப்பில்லாத ‘ரெகெய்ஜாவ்’ என்ற பாலாடையை எடுக்கிறார்கள். கிடைத்தால் செம்மறிப்பால் வெண்ணெயையும் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். அது இந்த வட்டாரத்தில் பெயர்பெற்றது.

துணிப் பட்டை சுற்றிய வட்டங்கள் குளிர்ந்த, ஈரமான அறையில் குறைந்தது இருபது நாள் இருந்து முதிர்கின்றன. அப்போது பூவின் நொதிகள் பாலின் புரதத்தைத் தொடர்ந்து உடைப்பதால்தான், மேலே தோல் கட்டியிருந்தாலும் உள்ளே குழைந்த வெண்ணெயைப் போல ஆகிவிடுகிறது. முதிர்ந்த வட்டத்தின் மேல்தோலை ஒரு மூடியைப் போல வெட்டி எடுத்துவிட்டு, உள்ளிருப்பதைக் கரண்டியால் தோண்டி ரொட்டியில் தடவி உண்பதே இங்குள்ள வழக்கம். முதலில் பால் இனிப்பு, பின்னர் உப்பு, இறுதியில் நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு என்று சுவை மாறி மாறி வரும். அந்தக் கசப்பு பூவிலிருந்து வருவது. சற்று முன் பூ ஊறிய கிண்ணத்தை முகர்ந்து பார்த்தவருக்குத்தான் அது பிடிபடும். இவ்வளவு நேரம் நின்று பார்த்ததன் பயன் அந்த ஒரு கரண்டியில் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: காய்ச்சாத பாலில் செய்த சீஸ் என்பதால் கருவுற்ற பெண்களுக்கு இது ஏற்றதன்று, அதைக் குழுவினரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மதிய உணவை ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் சிறு சீஸும் மேசைக்கு வரும்; அவை இலவசம் அல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம், அதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். மீன் உண்பவர்கள் பொரித்த கணவாயையோ கரியில் சுட்ட மத்தியையோ கேளுங்கள். சைவர்கள் காய்கறி சூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக் கூடாது. பச்சைக் கீரை மிதக்கும் ‘கால்து வேர்த்’ சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதப்பதுண்டு. “செம் கார்ன், செம் பெய்ஷ்” என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு, சூப்பில் என்ன இருக்கிறது என்று தனியாகவும் கேட்டுவிடுங்கள். உணவோடு ஒயின் வேண்டுவோர் இவ்வட்டாரத்து மணற்பாங்கான நிலத்தில் விளையும் கஸ்தெலாவ் என்ற கறுப்புத் திராட்சையின் சிவப்பு ஒயினை ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் பிற்பகல் இன்னும் மீதமிருக்கிறது.

மூன்று மணிக்கு அஸெய்த்தாவின் ஒயின் நிலையங்களில் ஒன்றுக்குச் செல்லுங்கள். 1834இல் தொடங்கப்பட்டு இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கும் ஜுசே மரியா த ஃபொன்செக்கா நிறுவனத்தின் பழைய வீடும் நிலவறைகளும் ஊரின் நடுவிலேயே உள்ளன. பக்கத்திலேயே பக்கல்யோவா நிறுவனமும் இருக்கிறது. எங்கு சென்றாலும் கேட்டறிய வேண்டியது மொஸ்கடெல் செய்யும் முறையைத்தான். அராபிடா மலைச்சரிவின் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலத்தில் விளைந்த மஸ்கட் திராட்சையை நசுக்கி நொதிக்க விடுகிறார்கள். சர்க்கரை முழுவதும் மதுவாக மாறும் முன்பே, திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். ஈஸ்ட் இறந்துவிடுவதால் மீந்த சர்க்கரை அப்படியே தங்குகிறது. ஒயின் இனிப்பதற்குக் காரணம் அதுதான். போர்ட் ஒயினும் ஏறக்குறைய இப்படித்தான் செய்யப்படுகிறது. ஆனால் இங்கே திராட்சைத் தோல்களை எடுத்து எறிந்துவிடாமல், பல மாதங்கள் அந்தச் சாராயம் கலந்த சாற்றிலேயே ஊற விடுகிறார்கள். மஸ்கட்டின் நறுமணம் தோலில்தான் இருக்கிறது என்பதை அறிந்தவர்களின் பொறுமை அது.

நிலவறையில் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் மூச்சை இழுத்து நில்லுங்கள். உலர்ந்த ஆரஞ்சுத் தோல், தேன், பழைய மரம் ஆகியவற்றின் மணம் ஒன்றாக வரும். ஓக் மரப் பீப்பாயின் நுண்ணிய துளைகள் வழியே ஒயின் ஆண்டுதோறும் சிறிது ஆவியாகிச் செறிவடைவதால்தான் அந்த மணம். ‘பீப்பாய்’ என்ற நம் சொல்லும் ‘பீப்பா’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்தே வந்தது. வழிகாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், உரையாடல் அங்கிருந்து வேறு விதமாக விரியும். முற்காலத்தில் பிரேசில் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறி, விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்களில் ஒயின் கெடாமல் மேலும் மேன்மையடைந்திருந்ததைக் கண்ட கதையையும் அவரிடம் கேளுங்கள்; அப்படிப் போய்த் திரும்பிய ஒயினுக்குத் தனிப் பெயரே இருக்கிறது.

சுவைக்கும்போது இளையதிலிருந்து முதியதை நோக்கிச் செல்லுங்கள். முதலில் சாதாரண மொஸ்கடெல், பிறகு இளஞ்சிவப்புத் தோல் கொண்ட ‘ரோஷு’ வகை, இறுதியில் பத்தாண்டோ இருபதாண்டோ முதிர்ந்தது என்ற வரிசை சரியாக இருக்கும். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதற்கென வைத்திருக்கும் பாத்திரத்தில் உமிழ்வது அவமரியாதை அல்ல, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மது அருந்தாதவர்கள் குழுவில் இருந்தால் அவர்களை வெளியே காத்திருக்க வைக்காதீர்கள். முகர்ந்து பார்ப்பதிலேயே பாதி அனுபவம் இருக்கிறது. அவர்களுக்காக ஒரு ‘தோர்த்தா’வும் காப்பியும் ஏற்பாடு செய்யுங்கள். முட்டை மஞ்சள் கருப் பசையை வைத்துச் சுருட்டிய, லவங்கப்பட்டை மணக்கும் இந்த மென்மையான பலகாரம் ஊரின் தேநீர்க் கடைகளிலெல்லாம் கிடைக்கும்.

வாங்க நினைப்பவர்கள் சீஸைப் பயணத்தின் இறுதியில் வாங்குவதே நலம். வெயிலில் நின்ற வண்டிக்குள் அது இரண்டு மணி நேரத்தில் உருகி வழியத் தொடங்கிவிடும். இந்தியா திரும்புவோர் இரண்டு லிட்டர் வரை ஒயினைச் சுங்கவரியின்றிக் கொண்டுவரலாம். பாட்டில்களைத் துணிகளுக்கு நடுவே சுற்றிச் சரக்குப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். விடுதிக்குத் திரும்பியதும் சீஸைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, மேல்தோலை வெட்டித் திறந்து, சந்தையில் வாங்கிய பாணோடு உண்ணுங்கள்.