பிரெய்ரி ஊர்களின் கடை டோக்கன்கள்: தேய்க்குமுன், தோண்டுமுன், தேதி எழுதுமுன்

அலுமினியத்தில் ஒரு சின்ன வட்டம். கையில் வைத்தால் எடை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஒரு பக்கம் கடைக்காரரின் பெயர், ஊர், மாகாணம். மறுபக்கம் ‘குட் ஃபார் 25 சென்ட் இன் மெர்ச்சண்டைஸ்’ என்று இருக்கும். இந்தக் கடையில் மட்டும் 25 சென்டுக்குச் சரக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். அரசாங்கத்தின் முத்திரை இல்லை, ராஜா தலை இல்லை, பெரும்பாலும் ஆண்டும் இல்லை.

பிரெய்ரி என்னும் புல்வெளிச் சமவெளியில், கனடாவின் மனிடோபா, சாஸ்கட்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களிலும், அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சாஸ் பக்கங்களிலும் 1890-களிலிருந்து 1930-கள் வரை இவை புழங்கின. கோதுமை விவசாயியின் கையில் ரொக்கம் வருவது இலையுதிர் காலத்தில், அறுவடை விற்ற பிறகுதான். மற்ற மாதங்களில் வீட்டுப் பெண்கள் வெண்ணெயும் முட்டையும் கொண்டுவந்து ஊர்க்கடையில் போடுவார்கள். கடைக்காரரிடமும் சில்லறை இருக்காது. மதிப்புக்கு ஈடாக டோக்கன் கொடுப்பார். அது வேறெங்கும் செல்லாது என்பதால் வாடிக்கை அவரை விட்டுப் போகாது. ரொட்டிக்கடை, பால்காரர், முடிதிருத்துபவர், பில்லியர்ட்ஸ் கூடம் என்று ஆளுக்கொரு டோக்கன் போட்டார்கள். பால் டோக்கனைக் காலிப் புட்டியோடு வாசலில் வைத்துவிடுவார்கள். காசை வைத்தால் காணாமல் போகும், டோக்கனைத் திருடி என்ன செய்வது?

இதைச் சேர்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நாணயம் சேர்த்துவிட்டு வருகிறவர்கள். நானும் அப்படித்தான். நாணயத்துக்குக் கற்ற பாடத்தை இங்கே அப்படியே போட்டுப் பார்த்ததில்தான் என் தவறுகளில் பாதி பிறந்தன. நாணயம் என்றால் அரசு அடித்தது, ஆண்டு உண்டு, எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கு உண்டு. தேய்மானம் பார்த்து விலை சொல்லலாம். டோக்கனுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. அதில் உள்ள சரக்கெல்லாம் ஒரு பெயர், ஓர் ஊர், அந்த ஊர் இருந்த காலம், அவ்வளவுதான்.

துளை விழுந்ததென்று ஒதுக்குவது

துளை போட்ட டோக்கனைப் பார்த்ததும் ‘பழுதானது’ என்று தள்ளிவிடுகிறார்கள். கடை கைமாறும்போது பழைய டோக்கன்களைச் செல்லாததாக்கத் துளையிட்டதுண்டு. கம்பியில் கோத்துக் கல்லாவில் தொங்கவிடத் துளையிட்டதும் உண்டு. டோக்கன் மேல் பிற்பாடு குத்திய எழுத்தோ எண்ணோ இருந்தால், கடையை வாங்கிய புதுக்காரர் பழைய டோக்கனையே தன் கணக்கில் ஓட்டியிருக்கலாம். இவையெல்லாம் அதன் வாழ்க்கைக் குறிப்புகள். தேய்ந்துபோன, துளையிட்ட டோக்கன் ஒன்று ஒரு சிற்றூரிலிருந்து தெரிந்த ஒரே டோக்கனாக இருந்தால், பளபளப்பான நூறு நகர டோக்கன்கள் அதற்கு ஈடாகாது.

எட்டுமூலை, சதுரம், பூவிதழ் ஓரம் என்று வடிவம் மாறுவதைப் பார்த்து வேறு வேறு கடையினுடையது என்று பிரித்துவிடுவதும் உண்டு. ஒரே கடையின் 5 சென்ட் வட்டமாகவும், 50 சென்ட் எண்கோணமாகவும் இருக்கும். கல்லாவில் கைவிட்டால் தடவியே மதிப்பு தெரிய வேண்டும் அல்லவா? அமெரிக்கப் பக்கத்தில் ‘12½ சென்ட்’ என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். கால் டாலருக்கு இரண்டு சுருட்டு, இரண்டு கோப்பை என்று விற்ற காலத்தின் கணக்கு அது.

தேய்ப்பது

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கறுத்துப்போன பித்தளை டோக்கனைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி வளர்ந்த கை. என் முதல் பித்தளை டோக்கனுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பத்து நிமிடத்தில் வெளுத்து இளஞ்சிவப்பாக வந்து நின்றது. அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிட்டுத் தாமிரத்தை மேலே நிறுத்திவிடும். அந்த நிறம் பிறகு போகவே போகாது, சேகரிப்பவர் யாரிடம் காட்டினாலும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அலுமினியத்துக்கு நேர்மாறான ஆபத்து. அமிலத்தைவிடக் காரம் அதைக் கடிக்கும். சலவைச் சோடா, அடுப்பு கழுவும் திரவம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. நடுவில் ஒரு உலோகமும் ஓரத்தில் வேறொரு உலோகமுமாகச் செய்த இரட்டை உலோக டோக்கன்களை ஈரத்திலேயே விடக்கூடாது, இரண்டில் எளிதில் அரிபடும் உலோகம் வேகமாக அரிபடத் தொடங்கிவிடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சநேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்துக் காயவையுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

வளவளவென்று வளையும் மலிவு பிளாஸ்டிக் உறைகளும் அப்படித்தான். பிவிசி கலந்த அந்த உறைக்குள் சில வருடம் கிடந்தால் பித்தளை மேல் பச்சையாக ஒரு பிசுக்கு படியும். மைலார் என்னும் பாலியஸ்டர் உறையோ அமிலமற்ற காகித உறையோ வாங்குங்கள்.

ஊரையும் காலத்தையும் அவசரமாகத் தீர்மானிப்பது

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. அதிகம் சறுக்கியதும் இங்கேதான்.

ஆல்பர்ட்டாவும் சாஸ்கட்சுவானும் மாகாணங்களானது 1905 செப்டம்பர் 1-இல். அதற்கு முன் அந்த நிலம் வடமேற்கு ஆட்சிப்பகுதி. ஆகவே ‘என்.டபிள்யூ.டி.’ என்று பொறித்த டோக்கன் 1905-க்கு முந்தையது என்று கொள்ளலாம். இதுவரை சரி. ஆனால் ‘ஆல்டா.’ அல்லது ‘சாஸ்க்.’ என்றிருந்தால் அது 1905-க்குப் பிந்தையது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. 1882-லேயே அந்த ஆட்சிப்பகுதிக்குள் ஆல்பர்ட்டா, சாஸ்கட்சுவான், அஸ்ஸினிபோயா, அத்தபாஸ்கா என்ற மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. பிரின்ஸ் ஆல்பர்ட் ஊர் அப்போதே சாஸ்கட்சுவான் மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் கடைக்காரர் 1900-லும் ‘சாஸ்க்.’ என்று போட்டிருக்கலாம், 1910-லும் போட்டிருக்கலாம். ரெஜைனாவோ அஸ்ஸினிபோயா மாவட்டம். ‘ரெஜைனா, அஸ்ஸா.’ என்றிருந்தால் 1905-க்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம். அஸ்ஸினிபோயா மாகாணமாகவே ஆகவில்லை.

லாய்ட்மின்ஸ்டர் இன்னும் வேடிக்கை. 1903-இல் குடியேறிய ஊர், 1905-இல் மாகாண எல்லைக்கோடு நடுவே ஓடி இரண்டாகப் பிளந்தது. 1930 வரை இரண்டு தனி நிர்வாகங்கள். அந்த ஊர் டோக்கனில் ‘சாஸ்க்.’, ‘ஆல்டா.’ இரண்டும் வரலாம், இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்றைப் பிழை என்று விற்றுவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர்கள் சும்மா இருப்பதில்லை. சாஸ்கட்சுவானில் பிரஷ்யா என்றொரு ஊர் இருந்தது. முதல் உலகப்போரின் நடுவில் அந்தப் பெயரோடு வாழ முடியுமா? லீடர் ஆகிவிட்டது. ஸ்ட்ராத்கோனா 1912-இல் எட்மண்டனோடு இணைந்தது. வரைபடத்தில் ஊர் இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டாமல் பழைய பெயரைத் தேடுங்கள்.

ரயில் பாதையும் நல்ல சாட்சி. கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி சாஸ்கட்சுவான் வழியே 1907-08 வாக்கில் பாதை போட்டபோது நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனது. ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர்… கடைசியில் யங், செல்மா. பிறகு மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆலன், பிராட்வெல், கிளாவெட். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி ஊர்கள்! இப்படி ரயிலோடு பிறந்த ஊரின் டோக்கனுக்கு 1890 என்று தேதி சொல்பவர் உங்கள் காதில் பூச்சுற்றுகிறார்.

உலோகமும் சாட்சி சொல்லும். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. டகோட்டா ஆட்சிப்பகுதியோ 1889 நவம்பரில் இரண்டு மாநிலங்களாகிவிட்டது. அலுமினியத்தில் ‘டகோட்டா டெரிட்டரி’ என்று ஒன்று வந்தால் பணப்பையைத் திறக்காமல் நிதானமாக யோசியுங்கள்.

தயாரிப்பாளரைக் கடைக்காரர் என்று நினைப்பது

பில்லியர்ட்ஸ் மேசைப் படத்தோடு ‘பிரன்ஸ்விக்-பால்க்-காலெண்டர்’ என்று பொறித்த டோக்கன்கள் நிறையக் கிடைக்கும். அது ஏதோ ஊரிலிருந்த கடையல்ல, மேசை செய்து விற்ற கம்பெனி. கடைக்காரர் பெயர் மறுபக்கத்தில் இருக்கும். ‘இங்கிள் சிஸ்டம்’ என்று இருந்தால் அது ஒஹாயோவின் டேட்டன் நகரிலிருந்து டோக்கன்வழிக் கடன் கணக்கு முறையை விற்ற நிறுவனம். அதிலுள்ள 1909 காப்புரிமை ஆண்டு, டோக்கன் வெளிவந்த ஆண்டல்ல.

ஊர்ப்பெயரே இல்லாத டோக்கன்களைச் சேகரிப்பவர்கள் ‘மாவெரிக்’ என்பார்கள். சூடு போடாத மாட்டுக்கு டெக்சஸில் வழங்கிய பெயர் அது. ‘ஜே. ஸ்மித், குட் ஃபார் ஒன் லோஃப்’ என்று மட்டும் இருக்கும். இணையத்தில் ஒரு ஸ்மித் ரொட்டிக்கடையைப் பார்த்ததும் ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உறை மேல் எழுதிவிடுவோம். அந்த உறை நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் ஊகம் அங்கே உண்மையாகிவிடும். பெயரும் தொழிலும் ஒரே ஆண்டில் ஓர் ஊரில் சேர்ந்து வருகிறதா, அந்தச் சேர்க்கை வேறு ஊர்களில் இல்லையா என்று பார்க்க வேண்டும். இதற்கு, ஊர்வாரியாகப் பெயரையும் தொழிலையும் பட்டியலிட்ட ஹென்டர்சன் டைரக்டரிகளைவிட நல்ல துணை இல்லை. ஆல்பர்ட்டா பல்கலைக்கழக நூலகம் அவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பிரெய்ரி மாகாணங்களுக்கென்று 1906, 1916, 1926-இல் தனியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் தாள்களையும் புரட்டலாம். 1916 தாள்களில் தொழில் என்ன என்பதற்கே ஒரு கட்டம் உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால் ‘ஊர் தெரியவில்லை’ என்று எழுதுவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

சலூன் ஆசை

பழைய அமெரிக்க மேற்கின் சலூன் (முடிவெட்டும் இடமல்ல, சாராயக்கடை), விலைமாதர் விடுதி என்று கொட்டை எழுத்தில் அறிவிக்கும் டோக்கன்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகளுக்காகப் பிற்காலத்தில் அடித்த கற்பனைச் சரக்கு. உண்மையான டோக்கன் ரொம்பச் சாதுவாக இருக்கும். பெயர், ஊர், 5 சென்ட், முடிந்தது. கதை சொல்லாது. நானும் ஒன்று வாங்கினேன், ஒரு கண்காட்சியில். படமும் வாசகமும் பிரமாதமாக இருந்தன, அதுவே எச்சரிக்கை மணியாக அடித்திருக்க வேண்டும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது உதவும். கான்சாஸில் 1881-இலிருந்து மதுவிலக்கு. வட டகோட்டா மாநிலமாகப் பிறந்ததே மதுவிலக்கோடுதான். திருட்டுத்தனமாக விற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் திருட்டுத்தனமாக விற்பவர் தன் பெயரையும் ஊரையும் ‘சலூன்’ என்பதையும் உலோகத்தில் அடித்துக் கையில் கொடுப்பாரா? கனடாவில் சாஸ்கட்சுவானின் மதுக்கூடங்கள் 1915 ஜூலையில் மூடப்பட்டன, ஆல்பர்ட்டாவில் அடுத்த ஆண்டு ஜூலையில் மதுவிலக்கு வந்தது.

போலி இல்லாமலேயே ஏமாற்றம் தரும் இன்னொரு வகை, டாலர் அளவில் பளபளவென்று இருக்கும் ஊர் நினைவு டாலர்கள். 1960-களிலிருந்து ஊர்த்திருவிழாவுக்கும் நூற்றாண்டு விழாவுக்கும் ஆயிரக்கணக்கில் அடித்தவை. சேர்க்கத் தகுந்தவைதான், ஆனால் முட்டைக்கு ஈடாகக் கொடுத்த டோக்கனின் விலையில் அவற்றை வாங்கக்கூடாது.

அரிது என்றதும் விலை கொடுப்பது

எத்தனை அடித்தார்கள் என்ற பதிவு கிட்டத்தட்ட எதற்குமே கிடையாது. ‘மூன்றே தெரியும்’ என்றால் இன்றைக்கு மூன்று தெரியும், அவ்வளவே. நாளை யாரோ பழைய கடையின் பரணை ஒழிக்கும்போது ஒரு பை நிறையக் கிடைத்தால் கதை முடிந்தது. அதே கடையின் 1 டாலர் டோக்கன், 5 சென்ட்டைவிடப் பெரும்பாலும் அரிதாக இருப்பதற்குக் காரணம் எளிது. யாரும் ஒரு டாலரை மறந்துபோய் அலமாரியில் விட்டுவிடமாட்டார்கள்.

தோண்டுவது

கைவிடப்பட்ட ஊர் என்றால் கேட்பாரில்லை என்று உலோகங்காணி கருவியோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்த நிலம் இன்று யாரோ ஒரு விவசாயியின் கோதுமை வயல். அனுமதி கேட்டாலும் அதோடு முடிவதில்லை. ஆல்பர்ட்டாவிலும் சாஸ்கட்சுவானிலும் தொல்பொருள்கள் அரசுக்கே சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. ஏலம், பண்ணை வீட்டுப் பொருள் விற்பனை, சேகரிப்பாளர் சந்தை இவையே போதுமானவை.

அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் பொத்தான்கள், சாவி, ஐந்தாறு டோக்கன்கள் எல்லாம் சேர்ந்து கிடைத்தால் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவராதீர்கள். ஒரே குடும்பத்தின் டப்பாவில் நான்கு டோக்கன்கள் ஒரே ஊரைச் சொன்னால், ஊர்ப்பெயர் இல்லாத ஐந்தாவதுக்கு அதுதான் முதல் தடயம். எந்தப் பண்ணை, எந்த ஊருக்குப் பக்கம், எந்தத் தேதி, கூட என்ன இருந்தது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். பென்சிலால், உறை காலியாக இருக்கும்போதே எழுதுங்கள். டோக்கனை உள்ளே போட்டபின் மேலே அழுத்தி எழுதினால் அலுமினியத்தில் உங்கள் கையெழுத்தும் பதிந்துவிடும்.