அரச வாகனம் எங்கே ஓடியது என்று கேட்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை கல்முனைக் கடற்கரையில் ஒரு பிரதேச சபைத் தவிசாளரின் அரச வாகனம் அவரது குடும்பத்தோடு நிற்பதைக் கண்டால், படமெடுத்து முகநூலில் போடுவது எளிது. ஆனால், அந்தப் படம் எந்த அலுவலகத்தின் கோவையிலும் ஏறாது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரஜை எவரும் காரணம் கூறாமலே ஆவணங்களைக் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். எதையும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கொடுத்தால் போதும் என்று நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பிரதேச சபை வாகனத்துக்குப் பிரதேச சபையிடமே கேட்க வேண்டும்.

“ஏன் போனார்?” என்று எழுதாதீர்கள். வாகன இலக்கத்தையும் மாதத்தையும் குறித்து, ஓட்டப் பதிவேட்டினதும் எரிபொருள் பற்றுச்சீட்டுகளினதும் பிரதிகளைக் கேளுங்கள். சாரதிமார் ‘ரன்னிங் சாட்’ என்று சொல்லும் அந்தப் பதிவேட்டுத் தாளில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீற்றர் வாசிப்பு, பயணத்தின் நோக்கம், பயணித்தவரின் ஒப்பம் ஆகியவை இருக்க வேண்டும். களுவாஞ்சிக்குடியிலிருந்து அருகிலுள்ள மட்டக்களப்புக்குக் கூட்டத்துக்குப் போனதாக எழுதப்பட்ட நாளில் மீற்றர் 600 கிலோமீற்றருக்கு மேல் ஏறியிருந்தால், அந்த ஒரு வரியே உங்கள் முறைப்பாடு. நோக்கம் என்ற இடத்தில் “கடமை” என்று மட்டும் இருந்தால், அன்றைய கூட்ட அழைப்பையும் கேட்க வேண்டியதுதான். சாரதியைக் குற்றம் சாட்டாதீர்கள். அவர் பிறர் சொன்ன இடத்துக்கு ஓட்டுபவர்.

வெளிநாட்டுப் பயணமானால் அழைப்புக் கடிதம், அனுமதி, உடன் சென்றோர், செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். 2023 செப்டெம்பரில் மேற்கொண்ட இலண்டன் பயணத்துக்கு அரச நிதியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2025 ஓகஸ்ட் 22 இல் கைதாகி, 26 இல் பிணையில் வந்தார். அங்கும் கேள்வி, பயணம் உத்தியோகபூர்வமானதா தனிப்பட்டதா என்பதே. குற்றச்சாட்டு தீர்ப்பல்ல என்பதை உங்கள் கடிதத்திலும் மறவாதீர்கள்.

14 வேலைநாட்களுக்குள் முடிவு வராவிட்டால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். முறைகேடு தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவை 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். பொய்யென்று அறிந்தே முறையிடுவது 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். அனுப்புவது பிரதியாக இருக்கட்டும். அலுவலகம் முத்திரையிட்டுத் தந்த தாளை வீட்டில் வையுங்கள்.