குடியிருப்புப் பகுதியில் மாலைநேரக் குழந்தைகள் மையம் தொடங்குவோருக்கு

சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் குழந்தைகளுக்கு மாலைநேர மையம் தொடங்க விரும்புவோர், பாடப்புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அங்குள்ள தாய்மார்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று ஒரு வாரம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பலர் இன்றும் நகருக்குள் சென்றுதான் வீட்டு வேலை செய்கிறார்கள். பேருந்து கிடைத்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடிகள் பிற்பகலிலேயே மூடப்படுகின்றன. 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற தமிழக அரசுத் திட்டம் பள்ளி மாணவர்களுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு நடத்த வகைசெய்தது. படிப்புக்கு அந்த நேரம் போதலாம். தாய் வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போதாது. ஆகவே பள்ளி விடும் நேரத்தில் திறந்து, கடைசித் தாய் வந்த பிறகே மூடுவது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் உள்ளன. மின்தூக்கி நின்றுபோகும் நாளில் ஐந்து வயதுப் பிள்ளை படியேறி வராது. சமுதாயக் கூடத்தைக் கேட்பதானால், முன்பு குடிசை மாற்று வாரியம் எனப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். வாய்மொழி அனுமதி அலுவலர் மாறினால் செல்லாது. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லாத இடத்தை, வாடகை இல்லை என்றாலும் எடுக்காதீர்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் சொல்லாமலே நின்றுவிடுவார்கள்.

நான்காம் வகுப்புச் சிறுமி இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றால், “அவனை விட்டுவிட்டு வா” என்று சொல்லக் கூடாது. விட்டுவர அவளுக்கு ஆள் இல்லை. மூலையில் ஒரு பாய், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள், தண்ணீர், அதே தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா ஆகிய ஏற்பாடுகள் இருந்தால் சிறியவன் அங்கே விளையாடுவான், அவளும் படிப்பாள். இந்தப் பாய்க்கான செலவைக் குறைப்பவர்கள் மூத்த பெண்பிள்ளைகளை இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், வாசிக்கும் திறனைப் பார்த்து அமர்த்துங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘மரம்’, ‘படம்’ என்று தடையின்றி வாசித்துவிட்டு, ‘கொடி’யில் வந்து தடுமாறி நிற்கலாம். ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதால் ஒரே ஒலியை மூன்று துண்டாகப் பார்க்கிறது. அட்டையில் கொம்பு, க, கால் ஆகியவற்றைத் தனித்தனியே வெட்டிக் கையில் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் அதன் பிறகு போதும். வந்தவுடன் சுண்டலோ பொட்டுக்கடலையும் வெல்லமுமோ கொடுத்துவிடுங்கள். பசியோடு யாருக்கும் எழுத்து ஏறாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எந்நேரமும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். பிள்ளையோடு ஒருவர் மட்டும் கதவை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்ததாகத் தெரியவந்தும் புகார் அளிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது என்பதைப் பணியில் சேரும் நாளிலேயே அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளைகளின் கண் உயரத்தில் சுவரில் எழுதுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்து, யார் அழைத்துச் செல்லலாம் என்று தாய் சொன்ன பெயர்களை அவர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத மாமா வந்தால், பிள்ளைக்கு அவரைத் தெரிந்திருந்தாலும், தாயிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். மாமா கோபித்துக்கொண்டால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.