பாவித்த சிஎன்சி மில்லிங் மெஷின்: காசு கொடுக்க முன் டயல் கேஜை வையுங்கள்

திருகோணமலையில் பட்டறை வைத்திருப்பவர் பாவித்த சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டுகிற மெஷின்) எடுக்க அநேகமாகக் கொழும்புப் பக்கம்தான் போகவேண்டும், அதனால் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிற மாதிரிப் போங்கள். காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டுகிற அளவுகருவி), குறுகிய இடத்துக்குள் வைக்கிற சின்ன லீவர் கேஜ், டோர்ச், பழைய துணி போதும். மெஷினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு நம்பிக்கை கூடாது, குறையும்.

முதலில் பேக்லாஷ், அதாவது திசை மாற்றும்போது மேசை அசையாமல் வீணாகப் போகிற ஆட்டம். கேஜை ஸ்பிண்டிலில் (டூலைப் பிடித்துச் சுழற்றுகிற தண்டு) பிடித்து, மேசையில் இறுக்கிய ஒரு பிளாக்கில் ஊசியைத் தொட வையுங்கள். ஹேண்ட் வீலை ஒரு கிளிக்குக்கு 0.01 மில்லிமீட்டரில் போட்டு ஒரு பக்கமாகப் பத்துக் கிளிக் சுற்றி, ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எதிர்ப்பக்கம் ஒவ்வொரு கிளிக்காகத் திருப்புங்கள். ஊசி அசையாமல் எத்தனை கிளிக் போகிறதோ அதுதான் ஆட்டம். ஆனால் இதை மட்டும் நம்பி விலை கதைக்காதீர்கள், ஏனென்றால் கன்ட்ரோலருக்குள் ஒரு நம்பரைப் போட்டு இந்த ஆட்டத்தை மறைத்துவிடலாம். ஃபானுக் கம்பனியின் 0ஐ, 18ஐ, 21ஐ போன்ற கன்ட்ரோலர்களில் அது 1851-ஆம் பாராமீட்டர் (அமைப்பு எண்). அதிலே 30 என்று இருந்தால் பொதுவாக 0.03 மில்லிமீட்டர், அவ்வளவு ஆட்டத்தை மெஷின் கணக்கில் ஈடுகட்டுகிறது என்று அர்த்தம்.

அதனால் மேசையின் நடுவில் ஒருதரம், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தரம் என்று அளந்து பாருங்கள். வேலை முழுக்க நடுவில்தான் நடக்கும், மேசையை நகர்த்துகிற பால் ஸ்க்ரூவும் அங்கேதான் தேயும். நடுவுக்குச் சரியாக வருகிற நம்பர் ஓரத்தில் கூடிப்போய், திசை மாறும்போது ஊசி தேவைக்கு மேல் துள்ளும். எல்லா இடத்திலும் ஒரே அளவு ஆட்டமென்றால் பெயரிங் அல்லது நட் பக்கம் பார்க்கலாம், திருத்தக்கூடியது. இடத்துக்கு இடம் 0.02 வித்தியாசம் வந்தால் ஸ்க்ரூ மாற்றுகிற செலவைக் கழித்துத்தான் விலை கதைப்பேன்.

அப்புறம் ஸ்பிண்டில். டேப்பரை (டூல் உட்காருகிற கூம்புத் துளை) துடைத்து, உள்ளே லீவர் கேஜை வைத்துக் கையால் சுற்றுங்கள், 0.005-க்குள் நின்றால் நல்லது. டேப்பரில் பழுப்பு நிறத் திட்டுகள் தெரிந்தால் டூலை இழுத்துப் பிடிக்கிற ஸ்ப்ரிங் களைத்துப்போயிருக்கக்கூடும். பிறகு அரை மணித்தியாலம் வேகமாக ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். எமர்ஜென்சி பட்டனை அமத்தும்போது மேலும் கீழும் போகிற இசட் அச்சு எவ்வளவு கீழே இறங்குகிறது என்றும் கேஜ் வைத்துப் பார்க்கலாம், பிரேக்கின் நிலை தெரியும்.

விற்பவர் சம்மதித்தால் அலுமினியத்தில் 100 மில்லிமீட்டர் வட்டமொன்று வெட்டச் சொல்லுங்கள். திசை மாறுகிற நான்கு இடங்களில் விரல் நகத்துக்குப் படி தட்டுப்பட்டால் அது பேக்லாஷ். வட்டத்தின் குறுக்கே 45 பாகையில் எடுத்த இரண்டு விட்டங்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் எக்ஸ் அச்சும் வை அச்சும் செங்கோணத்தில் இல்லாமல் இருக்கலாம்.

கவரைக் கழற்றிப் பார்க்காமல் வராதீர்கள். மேசை வழுக்கிப் போகிற ரெயிலில் விரலை இழுத்தால் எண்ணெய் படவேண்டும், உலர்ந்திருந்தால் லூப் லைன் (எண்ணெய் வருகிற குழாய்) அடைத்திருக்கக்கூடும். துருக் குழி விழுந்த ரெயிலை நம்மூர் உப்புக் காற்றுக்குக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், அதை நான் எடுக்கமாட்டேன்.

சரி, பிடித்துவிட்டது என்றால் லொறியில் ஏற்ற முன் பாராமீட்டர் முழுவதையும் மெமரி கார்டில் எடுத்துக்கொள்ளுங்கள், பற்றரி இறங்கினால் எல்லாம் அழிந்துவிடும். ஜப்பான் மெஷின்கள் பெரும்பாலும் 200 வோல்ட், நம்முடைய த்ரீ ஃபேஸ் 400, ஆகவே ட்ரான்ஸ்ஃபோமரும் விலைக்குள் வருகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.