கொட்டை மணக்கும் வீட்டு பியர்: எண்ணெயை விலக்கும் வழி

வறுத்த ஹேசல்நட் மணக்கும் பழுப்பு பியரை முதன்முறை தயாரித்தபோது, 200 கிராம் பருப்பைப் பொடித்து, மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்த்தே வெந்நீரில் ஊறவைத்தேன். ஊற்றிய அரை நிமிடத்தில் நுரை அடங்கியது, கொட்டையின் மணம் தேடியும் கிடைக்கவில்லை, இரண்டாம் மாதம் திறந்த பாட்டில்களிலோ பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. ஹேசல்நட்டின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு கொழுப்பு. அது நுரையைத் தாங்கி நிற்கும் புரதப் படலத்தைக் குலைப்பதோடு, ஆக்சிஜன் பட்டதும் கெடவும் தொடங்குகிறது. மணம் போனதற்குக் காரணம் வேறு: கொதிக்கும்போது ஆவியோடும், நொதிக்கும்போது கரியமில வாயுவோடும் அது வெளியேறிவிடுகிறது. ஆகவே கொட்டையின் சுவையை எண்ணெய் இல்லாமல், நொதித்தல் முடிந்த பிறகு சேர்ப்பதே சரியான வழி என்ற முடிவுக்கு வந்தேன்.

ஒரு முறையேனும் சாதாரண பியர் தயாரித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன் என்பதால், கிருமிநீக்கம், ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) பொருத்துதல் போன்றவற்றை விரிக்கவில்லை. வீட்டில் பியர் தயாரிப்பது சில இடங்களில் குற்றம், வேறு சில இடங்களில் அளவு வரம்போடு அனுமதிக்கப்பட்டது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

முதல் படி: கொட்டைச் சாறு

பியருக்குப் பத்து நாள் முன்பே இதைத் தொடங்க வேண்டும். 200 கிராம் ஹேசல்நட்டை 160 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வறுத்து, சூட்டோடு துணியில் சுற்றித் தேய்த்துத் தோலை நீக்குங்கள். தோலில் உள்ள டானின் நாக்கில் துவர்ப்பாகத் தங்கிவிடும். பிறகு கத்தியால் நறுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும், அந்த விழுதை எந்த வடிகட்டியும் ஏற்காது. எனக்கு ஒரு தவணை வீணானது இப்படித்தான்.

நறுக்கியதை எண்ணெய் உறிஞ்சும் தாளில் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து அழுத்துங்கள். நாளுக்கொரு முறை தாளை மாற்றி, மூன்று நாள் செய்தால் எண்ணெயின் ஒரு பகுதி வெளியேறும். அடுத்து, 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள வோட்காவைக் கொட்டை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கண்ணாடி ஜாடியில் ஒரு வாரம் வைத்து, தினமும் குலுக்குங்கள்.

என்னை நெடுநாள் தடுமாறச் செய்தது இதற்கடுத்த வேலை. வடிகட்டிய சாறு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் எண்ணெய் மிச்சமிருக்கும். ஜாடியை உறைபெட்டியில் ஓர் இரவு நிமிர்த்தி வைத்தால், வோட்கா உறையாமல் நிற்க, எண்ணெய் தடித்து மேலே ஒதுங்கும். காபி வடிதாளில் வடித்தபோது அது அறைச்சூட்டில் இளகித் தாளைக் கடந்துவிட்டது. இப்போது ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, ஜாடி குளிர்ந்திருக்கும்போதே அடியிலிருந்து சாற்றை உறிஞ்சி எடுத்து, மேலே கடைசி ஒரு விரற்கடை அளவைத் தயங்காமல் கொட்டிவிடுகிறேன்.

இரண்டாம் படி: அடிப்படை பியர்

இது 5 லிட்டருக்கான கணக்கு. 1.1 கிலோ பேல் மால்ட், 100 கிராம் கிரிஸ்டல் மால்ட், 40 கிராம் சாக்லேட் மால்ட் (கருநிறமாக வறுத்த மால்ட், சாக்லேட் அல்ல) ஆகியவற்றைத் துணிப்பையில் கட்டி, 70 டிகிரிக்குச் சூடாக்கிய 8 லிட்டர் நீரில் இறக்கினால் வெப்பம் 67 டிகிரியில் நிற்கும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். பையை எடுத்துவிட்டு, 5 விழுக்காடு ஆல்ஃபா அமிலம் (கசப்பைத் தரும் பொருள்) கொண்ட ஹாப்ஸ் பூ 10 கிராம் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்குக் குளிரவைத்து, 5 கிராம் ஏல் ஈஸ்ட்டைத் தூவுங்கள்.

நீர்மத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் தொடக்க அளவு 1.050 அருகிலும், இரண்டு வாரத்தில் 1.012 அருகிலும் இருந்தால் ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு. ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஆல்கஹால் கலந்த நீர்மத்தில் அது நேரடியாகக் காட்டும் எண் பிழையானது. அளவு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். அவசரப்பட்டால் மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து, பாட்டில் வெடிக்கும்.

மூன்றாம் படி: கலப்பு

மூன்று குவளைகளில் 100 மி.லி. பியர் ஊற்றி, முறையே 1, 2, 3 மி.லி. சாறு விட்டுச் சுவைத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதன்படி 5 லிட்டருக்கு 100 மி.லி. தேவை, ஆல்கஹாலும் 5.7 விழுக்காட்டை எட்டும். பாட்டிலில் வாயு உருவாக, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சாற்றோடு கலந்து பாட்டிலில் அடைத்து, அறைச்சூட்டில் இரண்டு வாரம் விடுங்கள். கடையில் விற்கும் செயற்கை எசென்ஸ் இந்த உழைப்பை மிச்சப்படுத்தும்தான், ஆனால் அதன் மணம் எனக்கு மிட்டாயையே நினைவூட்டுகிறது.

விதைகளும் விலக்குகளும்

எள்ளுக்கும் பூசணி விதைக்கும் இதே முறை பொருந்தும். எள் விரைவில் கருகும், மூன்று நாள் ஊறினாலே போதும். கொத்தமல்லி விதைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம்: 5 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, கொதிப்பின் கடைசி 5 நிமிடத்தில் போட்டால், பெல்ஜியக் கோதுமை பியரில் வரும் எலுமிச்சை சாயல் கிடைக்கும். செஸ்ட்நட்டில் கொழுப்பு மிகக் குறைவு, மாவுச்சத்து அதிகம் என்பதால் அதை வேகவைத்து மால்ட்டோடேயே சேர்க்கலாம். கசப்பு பாதாமையும் ஆப்ரிகாட் விதைப் பருப்பையும் தொடவே வேண்டாம். அவற்றில் சயனைடு உருவாகும்.

பிற்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய சிலர், சாறு சேர்த்ததும் பியர் கலங்கியதாகத் தெரிவித்தார்கள். வோட்காவில் கரைந்திருந்த சிறிதளவு எண்ணெய், ஆல்கஹால் நீர்த்ததும் பிரிவதால் இது நேர்கிறது. சாற்றை இன்னோர் இரவு உறைபெட்டியில் வைத்து அடியிலிருந்து எடுத்தால் குறையும். நுரை நிற்கவில்லை என்றவர்களில் ஒருவருக்குக் குற்றவாளி கொட்டையல்ல, எண்ணெய்ப் பிசுக்கு போகாத குவளை. கொட்டை ஒவ்வாமை உள்ள விருந்தினர் யாரும் பியரில் அதை எதிர்பார்க்கமாட்டார்கள். ஆகவே எந்தக் கொட்டை என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்டுங்கள்.